பிள்ளைகள் ஓடும் நேரத்தையும் ஊருக்குச் சொல்லுங்கள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கேபிள் சேனல் நடத்துகிறவர்களுக்கும், யூடியூபில் ஊர்ச் செய்தி போடுகிறவர்களுக்கும், நாளிதழ்களின் பகுதிநேர நிருபர்களுக்கும், திருவிழாவிலும் போட்டியிலும் மைக் பிடிக்கிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

உங்களில் சிலர் என் விசில் சத்தத்துக்கு ஓடினவர்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நம் இரண்டு ஊர்களிலும் ஸ்கேட்டிங் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஓடுவதை வாரம் ஒருமுறையாவது நீங்கள் ஊருக்குக் காட்ட வேண்டும். யார் ஓடினார்கள், எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று பெயரும் கணக்குமாகச் சொல்ல வேண்டும். இதைக் கேட்டால் உங்களில் பலர் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். "முதல்ல ஒரு ரிங்க் வரட்டும் சார், அப்புறம் காட்டுவோம்." அந்த வரிசை தலைகீழானது என்று சொல்லத்தான் இந்த மடல்.

சொல்லாததால் ஊருக்குத் தெரியாமல் போன ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்டாய்ஹே நகரில் சக்கரத்தில் ஓடும் ஸ்பீடு ஸ்கேட்டிங் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. சென்னைப் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் முதலில் 500 மீட்டரில் 43.072 விநாடியில் வெண்கலம் வாங்கினார். அடுத்து 1000 மீட்டரை ஒரு நிமிடம் 24.924 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் உலகச் சாம்பியன் ஆன முதல் இந்தியர் அவர்தான். அதோடு நிற்காமல் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். அதற்கு முந்தைய மாதம் செங்டு நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் 1000 மீட்டர் வெண்கலமும் அவருடையது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆண்கள் 3000 மீட்டர் ரிலேயில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் அவர் இருந்தார். அதே நாளில் வெண்கலம் வென்ற பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் என்று நம் தமிழ்நாட்டுப் பெண்கள் இரண்டு பேர்.

இந்தப் பெயர்களை நம் பஜாரில் சொல்லிப் பாருங்கள். ஐ.பி.எல். அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பதினைந்தாவது ஆள் யார் என்று சொல்லும் பையனுக்கு, உலகத்திலேயே முதலாவதாக வந்த தமிழ்நாட்டுப் பையனைத் தெரியாது. குற்றம் அந்தப் பையன் மேல் இல்லை. அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி உங்கள் அடுத்த கேள்விக்கு வருகிறேன். இந்த மடலுக்கு முன்னால் சிலரிடம் பேசியபோது நான் பனிச் சறுக்கு, ஐஸ் ஹாக்கி என்றெல்லாம் சொன்னேன். சாரலைத் தவிர வேறு குளிர் தெரியாத ஊரில் ஐஸ் எதுக்கு சார் என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்ற ஊரில் இருக்கிறது.

புளோரிடா வெயில் ஊர். ஒகாலாவில் பனி பெய்யாது, ஐஸ் அரங்கமும் கிடையாது. அங்கே ரெனி ஹில்டிபிராண்ட் என்ற பயிற்சியாளர் பிள்ளைகளுக்குச் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பழகிய மூன்று பேர் பின்னால் பனிக்கு மாறி ஒலிம்பிக்கில் ஓடினார்கள்: பிரிட்டனி போ, ஜோயி மான்டியா, எரின் ஜாக்சன். எரின் ஜாக்சன் ஐஸில் கால் வைத்து ஏறக்குறைய நான்கே மாதத்தில் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். நான்கு ஆண்டு கழித்துப் பெய்ஜிங்கில் 500 மீட்டரை 37.04 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அந்த ஒலிம்பிக்குக்கு முன் அமெரிக்கத் தகுதிப் போட்டியில் அவர் கால் இடறி மூன்றாவதாகத்தான் வந்தார். முதலிடம் வந்த பிரிட்டனி போ தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே ஊர், சின்ன வயதில் ஒரே களத்தில் சக்கரம் கட்டி ஓடியவர்கள். பிரிட்டனி போ கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ராஜபாளையத்துப் பள்ளிகளில் கூடைப்பந்து ஆடும் பெண் பிள்ளைகளுக்குக் கேட்கட்டும்.

பெல்ஜியத்தின் பார்ட் ஸ்விங்ஸ் கதையும் இதே வழிதான். சக்கரத்தில் உலகச் சாம்பியனாக இருந்தவர், 2022 பெய்ஜிங்கில் பனியில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தில் தங்கம் வென்றார். அந்த நாட்டுக்கு 1948க்குப் பிறகு கிடைத்த முதல் குளிர்காலத் தங்கம் அது. நம் நாட்டிலும் குஜராத்தைச் சேர்ந்த விஷ்வராஜ் ஜடேஜா சக்கரத்தில் தொடங்கி நெதர்லாந்து போய்ப் பழகி, பனியில் இந்தியாவுக்காக ஓடியிருக்கிறார்.

சக்கரத்துக்கும் பனிக்கும் இந்த நெருக்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், நீங்கள் வர்ணனை செய்யும்போது உதவும். இரண்டிலும் உடல் நிற்கும் விதம் ஒன்று. முழங்கால் நன்றாக மடங்கியிருக்க வேண்டும், முதுகு தரைக்கு இணையாகப் போகிற அளவுக்குக் குனிய வேண்டும். நாம் ஓடும்போது காலைப் பின்னால் உதைக்கிறோம். ஸ்கேட்டர் பின்னால் உதைத்தால் சக்கரம் நழுவித்தான் போகும், அவர் பக்கவாட்டில் தள்ள வேண்டும். வளைவில் வலது காலை இடது காலுக்கு மேலாகக் குறுக்கே தூக்கிவைத்துப் போவார்கள். பார்க்க நடனம் மாதிரி இருக்கும், வேகம் கிடைப்பது அங்கேதான். புதிதாகப் பழகும் பிள்ளை வளைவு வந்ததும் கால் மாற்றப் பயந்து உருட்டிக்கொண்டே போகும். ஒருநாள் அந்தப் பயம் விடும். அன்றைக்கு அதன் நேரம் சட்டென்று குறையும், ஸ்டாப்வாட்சிலேயே தெரியும். இந்தப் பழக்கம் எல்லாம் பனியிலும் அப்படியே வேலை செய்யும். மாறுவது பிடிமானம். தரையில் சக்கரம் பிடிக்கிறது, பனியில் மெல்லிய எஃகுத் தகட்டின் விளிம்பு பிடிக்கிறது. அதைப் பழக மாதக் கணக்கு ஆகலாம். அடித்தளம் போட ஆண்டுக் கணக்காகும், அதைச் சிமெண்டுத் தரையிலேயே போட்டுவிடலாம்.

நம் ஊரில் அந்தத் தரை எங்கே இருக்கிறது என்றுதானே கேட்பீர்கள்? காலை ஆறரை மணிக்கு வாருங்கள். ஒரு பள்ளியின் கூடைப்பந்துக் களத்தில் ஒரு கூட்டம் இருக்கும். ஒரு கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் முகூர்த்தம் இல்லாத நாளில் இன்னொரு கூட்டம். ஊருக்கு வெளியே நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் மூன்றாவது கூட்டம். அறுவடைக் காலத்தில் அங்கே இடம் கிடையாது. மற்ற நாளில் பிள்ளைகளே விளக்குமாறு கொண்டுவந்து கூட்டிவிட்டுத்தான் ஓடுகிறார்கள். ஒரு நெல்மணி சக்கரத்துக்கு அடியில் மாட்டினால் போதும், முழங்கை தேய்ந்துவிடும். அம்மாமார்கள் தண்ணீர் பாட்டிலும் பஞ்சும் டிஞ்சரும் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு அப்பா பேரிங்குகளைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்துக்கொண்டிருப்பார், களத்துத் தூசி ஏறினால் சக்கரம் சுற்றாது. நல்ல இன்லைன் ஸ்கேட் ஒரு ஜோடி வாங்க ஒரு மில் தொழிலாளி எத்தனை மாதம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் களத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். அண்ணனுக்குச் சின்னதாகிப் போன ஸ்கேட்டைத் தங்கை போடுகிறாள், அவளுக்கும் சின்னதானதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது.

இதில் எதையும் நான் நம் ஊர் சேனல் எதிலும் பார்த்ததில்லை.

பார்த்ததெல்லாம் வேறு மாதிரி. பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போய் வருகிறார்கள். மறுநாள் ஒரு படம் வருகிறது. நடுவில் சிறப்பு விருந்தினர், இரண்டு பக்கமும் நிர்வாகிகள், முன்வரிசையில் மெடலோடு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். செய்தியில் விருந்தினர் பெயர் மூன்று இடத்தில், தாளாளர் பெயர் இரண்டு இடத்தில். "மாணவ மாணவிகள் சாதனை" என்று ஒரு தலைப்பு. ஓடிய பிள்ளையின் பெயர் இருக்காது. இருந்தாலும் எந்தப் பந்தயம், எவ்வளவு நேரம் என்று இருக்காது. ஒரு முறை ஒரு சிறுமி அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம், "நான் எங்க இருக்கேன் சார்?" என்று கேட்டாள். படத்தில் அவள் முகத்தை இன்னொருவரின் சால்வை மறைத்திருந்தது. எந்தப் பத்திரிகை, எந்தப் பள்ளி என்று நான் சொல்லப்போவதில்லை. இது ஒருவருடைய பழக்கம் இல்லை, நம் எல்லோருடைய பழக்கமும் அப்படி ஆகிவிட்டது.

அரங்கம் முதலில் வரட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டேராடூனைப் பாருங்கள். 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக அங்கே பல கோடி ரூபாய் செலவில் உள்ளரங்க ஐஸ் ரிங்க் கட்டினார்கள். போட்டி முடிந்தது, கொடியை இறக்கினார்கள், அரங்கத்தைப் பூட்டினார்கள். பனியை உறைய வைக்கும் இயந்திரத்துக்கு மின்கட்டணம் கட்டி முடியவில்லை. பத்து ஆண்டுக்கும் மேலாக அது பூட்டிக் கிடந்தது. மறுபடி திறந்து தேசியப் போட்டியும், 2025 ஆகஸ்டில் ஆசிய ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டியும் அங்கே நடந்திருக்கின்றன. சந்தோஷம். ஆனால் பூட்டிய நாளில் எட்டு வயதாக இருந்த பிள்ளைக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அந்த வயதை எந்த அரசாணையாலும் திருப்பித் தர முடியாது. பூட்டியபோது ஊர் திரண்டு ஏன் என்று கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும் என்பது என் எண்ணம். கேட்க வேண்டுமானால் அங்கே ஓடுகிற பிள்ளைகளை ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சிம்லாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1920இல் அங்கே ஒரு டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் விட்டு, இரவுக் குளிரில் அது உறைந்ததும் சறுக்கத் தொடங்கினார்கள். இயந்திரம் இல்லாமல் வானத்தை நம்பியே நடந்த ரிங்க் அது. கிளப் ஒன்று நடத்திவந்தது, நூறு ஆண்டு தாண்டிவிட்டது. இப்போது குளிர் குறைந்து பனி உறையும் நாட்கள் சுருங்கிவருவது அந்த ஊருக்கே கவலை. ஊர் தன்னுடையது என்று நினைத்ததால்தான் அந்த ரிங்க் இத்தனை காலம் நின்றது.

லடாக்கை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் பிறக்கவில்லை. உறைந்த குளத்தில் பிறந்தது. ஆரம்பத்தில் ராணுவ பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு பொருத்திக்கொண்டு ஆடினார்கள் என்று சொல்வார்கள். பெண்கள் ஆட ஆரம்பித்தபோது முதலில் மட்டையும் கவசமும் இரவல். 2016இல் இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாக ஆசியப் போட்டிக்குத் தைபே போனது, எல்லா ஆட்டத்திலும் தோற்றது. பயணச் செலவுக்கு இணையத்தில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுத்தான் திரட்டினார்கள். குளத்தில் அவர்கள் ஆடுவதை அறிந்து முகம் தெரியாதவர்களும் பணம் அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள், அது அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம். இன்றைக்கு லேவில் செயற்கைப் பனி ரிங்க் இருக்கிறது, கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடக்கின்றன. குளம் முதலில், ஆட்டம் அடுத்து, அதைப் பார்த்தவர்கள் அதற்கடுத்து. ரிங்க் கடைசியில்தான் வந்தது.

பார்க்கிறவர்களை உண்டாக்குவது மொழி. கனடாவில் 2008இல் சி.பி.சி. தொலைக்காட்சி தேசிய ஹாக்கி லீக் ஆட்டங்களைப் பஞ்சாபி மொழி வர்ணனையோடு ஒளிபரப்பத் தொடங்கியது. அங்கே குடியேறிய பஞ்சாபி வீடுகளில் தாத்தா பாட்டிக்கு ஐஸ் ஹாக்கி புரியாது, பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஹர்நாராயண் சிங்கும் கூட்டாளிகளும் பஞ்சாபியில் பேசத் தொடங்கியதும் வீடே ஒன்றாக உட்கார்ந்தது. 2016 ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க் வீரர் நிக் பொனினோ அடித்த கோலுக்கு அவர் அந்தப் பெயரை ஒரே மூச்சில் திரும்பத் திரும்பச் சொன்ன சத்தம் அமெரிக்கா வரை பரவியது. கோப்பை வென்ற பிட்ஸ்பர்க் அணி அந்தப் பஞ்சாபி வர்ணனையாளர்களைத் தன் வெற்றி விழாவுக்கே அழைத்தது.

உங்களுக்கும் இது புதிதில்லை. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் பேசிப் பேசித்தான் நம் ஊர் டீக்கடைகளுக்குக் கிரிக்கெட் தமிழில் வந்து சேர்ந்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் இரவு கபடி நடக்கும்போது மைக் பிடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தால் போதும், தூங்கப் போன கிழவியும் எழுந்து வந்து உட்காருவாள். பாடி வருகிறவன் யார் மகன், எந்தத் தெரு, போன வருடம் யாரைத் தூக்கினான் என்று அவர் சொல்லிக்கொண்டே போவார். அந்தக் குரலைத்தான் நான் களத்துக்குக் கேட்கிறேன். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வருவதை நேரலையில் காட்டத் தெரிந்த உங்களுக்கு, ஐநூறு மீட்டர் பந்தயத்தைக் காட்டக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

கோவில்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை ஹாக்கி வந்துவிட்டால் அந்த ஊரே கேலரியில் இருக்கும். எந்த அணி எந்த அணியைச் சந்திக்கிறது என்று கடைக்காரர்களுக்கு மனப்பாடம். அந்த மண்ணில் வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடினார். ஒரு சிறிய ஊர் ஒரு விளையாட்டைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்ள முடியும் என்பதற்கு நாம் வெளிநாடு போகவே வேண்டாம், சாத்தூரைத் தாண்டினால் போதும். 2025 இறுதியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை சென்னையோடு மதுரைக்கும் வந்தது. தென் மாவட்டங்களில் ஹாக்கியைப் பற்றித் தலைமுறைகளாகப் பேச்சு இருந்ததால் மதுரையில் கேலரி நிரம்புவது யாருக்கும் வியப்பாகப் படவில்லை.

சமூக வானொலி பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலி தொடங்கியது. 2006க்குப் பிறகு தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்க வழி வந்தது. கல்வி நிறுவனங்களும் வேளாண் அறிவியல் மையங்களும் நடத்தலாம். செய்தி வாசிப்புக்குக் கட்டுப்பாடு உண்டு, ஆனால் உள்ளூர் விளையாட்டின் வர்ணனைக்கு விதியில் இடம் இருக்கிறது. இதன் ஒலிபரப்புக்குப் பொதுவாக 100 வாட் திறன்தான் அனுமதி. சுற்றுவட்டம் பத்துக் கிலோமீட்டர் வரை கேட்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இடையில் ஒரு கோபுரம் நின்றால் இரண்டு ஊரும் ஒரே குரலைக் கேட்கும். கல்லூரி நடத்துகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதுவரை உங்கள் கையில் இருக்கும் கைபேசி போதும்.

நேரம் எடுப்பதை மட்டும் சரியாகச் செய்யுங்கள், இதில் நான் பிடிவாதக்காரன். கைபேசியை ஸ்டாண்டில் பொருத்தி, முடிவுக்கோட்டுக்கு நேர் பக்கத்தில், கோடு திரையில் செங்குத்தாகத் தெரிகிற இடத்தில் வையுங்கள். சாய்வாக வைத்தால் முன்னால் வந்தவர் பின்னால் வந்த மாதிரி தெரியும், சண்டை வரும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்று அமைப்பை மாற்றினால் இரண்டு பிள்ளைகள் ஒன்றாக வந்தாலும் பின்னால் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு ஊரிலும் எப்போதும் அதே இடம், அதே தூரம். தூரத்தை டேப் பிடித்து அளந்து பெயிண்டில் கோடு போட்டுவிட வேண்டும், உத்தேசம் கூடாது. நேரத்தை வீடியோவின் கீழே எழுதுவதோடு ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். வீடியோ தொலைந்துபோகும், சேனல் மூடிப்போகும், நோட்டு இருக்கும். ஒரு வருடம் இப்படி எழுதினால், போன தைக்கும் இந்தத் தைக்கும் ஒரு பிள்ளை எத்தனை விநாடி குறைத்தது என்று கையில் ஆதாரம் இருக்கும். மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மனு கொடுக்கப் போகும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பலம் இல்லை. வெறும் கையோடு போகிறவர்களுக்கு "பார்க்கலாம்" என்ற பதில் கிடைக்கும். நோட்டோடு போனால் அந்த அலுவலர் அதைப் புரட்டியாவது பார்த்தாக வேண்டும்.

நாம் என்ன கேட்கப் போகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும். ஐஸ் ரிங்க் கேட்கவில்லை. நம் வெயிலில் அதை நடத்தும் மின்கட்டணத்தை டேராடூனே தாங்கவில்லை. வேகப் பந்தயத்துக்கான ஸ்கேட்டிங் டிராக்கின் உலக அளவு 200 மீட்டர் சுற்று, 6 மீட்டர் அகலம், வளைவில் உயர்த்திய சரிவு. அது ஒரு கனவு. அதற்கு முன்னால் 40 மீட்டர் நீளம் 20 மீட்டர் அகலத்தில் வழவழப்பாகத் தேய்த்த ஒரு சிமெண்டுத் தளம், சுற்றிலும் இடுப்புயரத் தடுப்பு, ஓரத்தில் மழைநீர் வடிகால், நாலு விளக்கு. ரோலர் ஹாக்கிக்கு அந்த அளவு போதும், சின்னப் பிள்ளைகள் ஸ்பீடு பழகவும் போதும். தமிழக அரசு தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்று அறிவித்திருக்கிறது. ராஜபாளையம் ஒரு தொகுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் இன்னொரு தொகுதி. இரண்டிலும் வரைபடத்தில் இந்தத் தளத்துக்கு ஓர் ஓரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் உடைத்துத்தான் கட்ட வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு மேலே கூரை இருந்தால் நல்லது. ஓட்டம் நின்றுபோன ஆலைகளில் பெரிய கூடங்கள் சும்மா கிடந்தால், அதன் உரிமையாளர்கள் மனது வைத்தால், மழைக்காலம் மட்டுமாவது பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். பஞ்சு மூட்டை அடுக்கிய தரை நல்ல வழவழப்பாகத்தான் இருக்கும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை வருகிறார்கள், அதற்கப்புறம் நின்றுவிடுகிறார்கள். வீட்டில் உடையைப் பற்றிப் பேச்சு வரும், கறுத்துப்போகிறாள் என்று பேச்சு வரும், படிப்பு கெடுகிறது என்று பேச்சு வரும். ஒரு பெண்ணின் நேரத்தை அவள் பெயரோடு ஊருக்குச் சொன்னால் அவள் வீட்டில் அந்தப் பேச்சு குறைவதை நான் வேறு விளையாட்டுகளில் பார்த்திருக்கிறேன். தடகளத்தில் மாநிலம் வரை போன பெண் ஒருத்தியின் தாத்தா, அவள் பெயர் வானொலியில் வந்ததற்குப் பிறகு, அவரே சைக்கிளில் மைதானத்துக்குக் கொண்டுவந்து விட்டார். ஆனால் ஒரு கண்டிப்பு: பெற்றோர் சம்மதம் எழுத்தில் வாங்காமல் எந்தப் பிள்ளையின் முகத்தையும் போடாதீர்கள். வீட்டு முகவரி, போன் நம்பர் எதுவும் திரையில் வரக்கூடாது. கீழே வரும் கருத்துகளில் யாராவது பெண் பிள்ளையைப் பற்றித் தப்பாக எழுதினால் அன்றைக்கே நீக்குங்கள். விழுந்த பிள்ளையின் வீடியோவுக்குப் பாட்டுப் போட்டுச் சிரிக்க வைக்கிற வேலை நம் ஊரில் ஒருவரும் செய்யக்கூடாது. அந்தப் பிள்ளை மறுநாள் வராது.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். நகைக்கடை விளம்பரமும் நினைவஞ்சலியும்தான் உங்கள் சம்பளம். நாளிதழில் ஒரு பத்தி வந்தால் அதற்குக் கிடைக்கும் காசு பெட்ரோலுக்குக் காணாது. அதனால்தான் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் பத்து நிமிட நிகழ்ச்சி. பால்கோவாக் கடைக்காரர்களும் ஸ்டேஷனரிக் கடைக்காரர்களும் அதற்கு விளம்பரம் தருவார்கள் என்று நம்புகிறேன், நானே கேட்டு வாங்கித் தருகிறேன். நிருபர்கள் விருந்தினர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் பிள்ளை பெயர், நேரம், தூரம். அதற்குப் பிறகு இடம் மிச்சம் இருந்தால் விருந்தினர்.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒன்றாக ஓடவிடலாம் என்று பெற்றோர்களும் நானும் பேசிவைத்திருக்கிறோம். ஒரு வாரம் ராஜபாளையம், மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூர். 300 மீட்டரும் 500 மீட்டரும், வயது வாரியாக. களத்துக்காரரிடம் அறுவடை முடிந்ததும் ஞாயிறு காலைகளுக்கு அனுமதி கேட்டாயிற்று. ஸ்டாப்வாட்ச் என்னிடம் இருக்கிறது. டேப்பும் பெயிண்டும் வாங்கிவிட்டோம். நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் பெயர், வயது, பள்ளி எழுதியாகிவிட்டது. நேரத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் வெயில் ஏறுவதற்கு முன் முடிந்துவிடும். யார் எந்த வாரம் வருகிறீர்கள் என்று உங்களுக்குள் பேசி முடிவு செய்து, இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். மைக் பிடிக்கும் அண்ணன் யாராவது ஒருவர் அரை மணி நேரம் முன்னதாக வந்தால் நல்லது, பிள்ளைகளின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ராஜபாளையம்